குறிலும் நெடிலும்: தானியப் பயிர்களின் உயரமும் மரபணுவும்

முன்னுரை

எழுத்துகளைக் குறில் என்றும் நெடில் என்றும் பகுத்தறிவதிலிருந்தே நம் தமிழ்க் கல்வி தொடங்குகிறது. 'கல்' என்னும் சொல்லோடு ஒரு துணைக்கால் சேருமாயின் அது 'கால்' ஆகிவிடுகிறது. 'படு' என்பது 'பாடு' ஆகிவிடுகிறது. மாறியது ஒரு சிறு குறி. ஆனால் மாறிவிடுவது பொருள் முழுவதும். பயிர்களின் உலகிலும் இத்தகைய குறிலும் நெடிலும் உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசிய மக்களின் பசி வரலாற்றையே திருப்பிவிட்ட நெல்லும் கோதுமையும், தம் மரபு ஏட்டில் நேர்ந்த சிறியதோர் எழுத்து மாற்றத்தால் நெடில் நீங்கிக் குறிலானவையே. அம்மாற்றம் யாது, அஃது எவ்வாறு அறியப்பட்டது, அதனால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பவற்றைத் தமிழ் பயில்வோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சோறு உண்ணும் அனைவர்க்கும் உரிய இச்செய்தியை அறிவியல் துறையினர்க்கு மட்டுமே உரியது என ஒதுக்கிவிடுதல் தகாது.

அடியும் நடுவும் நுனியும்

'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்பது நம் உழவர் பழமொழி. அறுத்த நெல்லின் அடித்தாள் வயலுக்கே எருவாகும். நடுப்பகுதி வைக்கோலாகி மாட்டுக்குத் தீவனமாகும். நுனியிலுள்ள கதிர் வீட்டுக்கு உணவாகும். பயிர் தேடிச் சேர்த்த பொருள் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை இப்பழமொழி ஒரு வரியில் உரைத்துவிடுகிறது. இப்பங்கீட்டையே இக்கால வேளாண் அறிஞர்கள் ஓர் எண்ணால் குறிக்கின்றனர். நிலத்துக்கு மேலே பயிர் சேர்த்த மொத்த எடையில் தானியத்தின் எடை எத்தனை பங்கு என்பதே அவ்வெண். அதனை 'அறுவடைக் குறியீடு' என்பர். பழைய நெடிய நெல்வகைகளில் இஃது ஏறத்தாழ 0.3 ஆகும். அதாவது, பத்தில் மூன்று பங்கே வீட்டுக்கு வந்தது. ஏனைய ஏழு பங்கும் காட்டுக்கும் மாட்டுக்கும் போயின.

இதனால் நெடிய பயிர் பயனற்றது என்று கருதிவிடலாகாது. அது தன் நிழலால் களையை அடக்கும். வெள்ளம் வந்தால் நீருக்கு மேலே தலைநீட்டும். ஏர் மாட்டுக்கு ஆண்டு முழுவதும் வைக்கோல் தரும். குறைந்த எருவில் குறைந்த விளைச்சலை உறுதியாகத் தருவது அதன் இயல்பு. நிலத்தில் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டபோதுதான் இடையூறு நேர்ந்தது. உரம் பெற்ற நெடிய பயிர் மேலும் நெடிதாக வளர்ந்தது. கதிர் முற்றிக் கனக்கும் வேளையில் ஒரு மழையோ ஒரு காற்றோ வந்தால் தாள் தாங்காமல் பயிர் சாய்ந்து படுத்தது. சாய்ந்த பயிரில் இலைமேல் இலை கிடந்து வெயிலை மறைக்கும். மணி பால் கட்டாது. நீரில் கிடந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். ஆகவே, எத்துணை உரமிட்டாலும் ஓர் எல்லைக்கு மேல் விளைச்சல் ஏறவில்லை, மாறாகக் குறைந்தது. மக்கட்பெருக்கம் மிகுந்து, விரிக்கப் புதுநிலமும் அருகிவந்த நாடுகளுக்கு இஃது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. உரத்தை உண்டு கதிராக்கும் பயிர், உரத்தை உண்டும் சாயாத பயிர் தேவைப்பட்டது.

மெண்டலின் தோட்டமும் நெல் வயலும்

உயரம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எவ்வாறு வருகிறது என்னும் வினாவுக்கு முதல் தெளிவான விடை தந்தவர் கிரிகோர் மெண்டல். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறைச் செடிகள் யாவும் நெட்டையாகவே இருந்தன. அவற்றின் விதைகளை விதைத்தபோது இரண்டாம் தலைமுறையில் குட்டை மீண்டும் தோன்றியது. 1064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் குட்டைத்தன்மை அழிந்துபோகவில்லை. மறைந்தே இருந்தது என்பது இதனால் புலனாயிற்று. 1865இல் மெண்டல் எடுத்துரைத்து 1866இல் அச்சேறிய இக்கணக்கை 1900ஆம் ஆண்டு வரை உலகம் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தபின் அதே கணக்கு ஒரு நெல் வயலில் எழுதப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸ் நகரில் 1960இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. அங்கு 1962இல் பீட்டர் ஜென்னிங்ஸ் என்னும் பயிர்ப்பெருக்க அறிஞர் 38 கலப்புகளைச் செய்தார். அவற்றுள் எட்டாவது கலப்பில் ஒருபுறம் 'பேட்டா' என்னும் இந்தோனேசிய நெடுநெல். மறுபுறம் 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்னும் தைவான் குட்டை நெல். சீன மொழியில் அப்பெயர் 'குட்டைக்கால், கருநுனி' என்று பொருள்படும். அக்கலப்பில் 130 விதைகளே கிடைத்தன. அவை முளைத்து வளர்ந்தபோது அனைத்தும் நெட்டை. அவற்றின் விதைகளிலிருந்து ஏறத்தாழ 10,000 செடிகளை வயலில் வளர்த்தபோது, நான்கில் ஒன்று குட்டையாக நின்றது. மெண்டல் பட்டாணியில் கண்ட மூன்றுக்கு ஒன்று இங்கே நெல்லில் நின்றது.

இதன் பொருள் மிகப் பெரியது. பேட்டாவுக்கும் குட்டை நெல்லுக்கும் இடையிலுள்ள உயர வேற்றுமையை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்பதே அது. பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்வதாயின் வேண்டிய சேர்க்கையைப் பிரித்தெடுக்கப் பல்லாண்டு ஆகும். ஒன்றே ஆள்வதாயின், குட்டைச் செடிகளை மட்டும் தேர்ந்து, அவற்றுள் நல்ல கதிருடையவற்றை நிலைப்படுத்தினால் போதும். அவ்வாறே செய்யப்பட்டது. 288ஆம் வரிசையில் மூன்றாம் செடியாக நின்ற ஒன்றிலிருந்து பெருகிய நெல்லை ஹென்றி பீச்செல் முதலியோர் ஆய்ந்து தேர்ந்தனர். 1966 நவம்பரில் அது 'ஐ.ஆர். 8' என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. நிறுவன வயலில் நன்கு உரமிட்டு வளர்த்தபோது அது ஹெக்டேருக்கு 9 டன்னுக்கு மேல் விளைந்தது. அதன் அறுவடைக் குறியீடு 0.5. வீட்டுக்கு வரும் பங்கு பத்தில் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்ந்தது.

நம் தஞ்சைத் தரணியும் இம்மாற்றத்தில் பங்குகொண்டது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த 'ஆடுதுறை 27' உரத்துக்கு நன்கு விளைந்து உழவரிடையே பரவியது. அடுத்து ஐ.ஆர். 8, அதன்பின் 1969இல் வெளிவந்த ஐ.ஆர். 20 எனப் புதிய நெல்வகைகள் தமிழக வயல்களை நிறைத்தன.

கோதுமை நடந்த வழி

நெல்லுக்கு முன்பே கோதுமை இவ்வழியில் நடந்திருந்தது. ஜப்பானில் 'தருமா' என்னும் குட்டைக் கோதுமை நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டது. தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் ஒருவகைப் பொம்மைக்கும் அந்நாட்டில் அதுவே பெயர். சாயாத பயிருக்கு அப்பெயர் பொருத்தமே. அதன் வழித்தோன்றலாக கொஞ்சிரோ இனாசுகா உருவாக்கிய 'நோரின் 10' 1935இல் வெளியிடப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் அமெரிக்க வேளாண் அறிஞர் சாமன் அதன் விதைகளைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகல் அதனை உள்ளூர்க் கோதுமையோடு கலந்து, 1961இல் 'கெய்ன்ஸ்' என்னும் வகையைத் தந்தார். வோகலிடமிருந்து விதை பெற்ற நார்மன் போர்லாக் மெக்சிகோவில் அதனை நோய் தாங்கும் வகைகளோடு இணைத்தார். 1963இல் போர்லாக் இந்தியா வந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய இந்திய அறிஞர்களின் ஆய்வும் வற்புறுத்தலும் துணைநிற்க, 1966இல் 18,000 டன் மெக்சிகோ விதை இறக்குமதியாயிற்று. 1964-65இல் ஏறத்தாழ 1.23 கோடி டன்னாக இருந்த இந்தியக் கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.65 கோடி டன் ஆயிற்று. போர்லாக்கிற்கு 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு தாளின் நீளத்தைக் குறைத்தவர்க்கு அமைதிப் பரிசு என்பது சிந்திக்கத்தக்கது. பசி நீங்கிய இடத்திலன்றோ அமைதி நிலைக்கும்!

பேதை நாற்றும் வளர்ச்சி ஊக்கியும்

குட்டை வகைகள் நாடெங்கும் பரவிய காலத்திலும், அவை ஏன் குட்டையாக உள்ளன என்பது விளங்கவில்லை. அதற்கு விடையளிக்கும் பொருள் வேறொரு வழியில் முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மற்றவற்றை மிஞ்சி நெடுநெடுவென வளர்ந்து, பின் மடிந்துபோகும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானிய உழவர் அதனைப் 'பேதை நாற்று' என்று பொருள்படும் 'பகானே' என்னும் பெயரால் அழைத்தனர். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே நாற்றை இவ்வாறு நெட்டச் செய்கிறது என்பதை 1926இல் குரோசவா மெய்ப்பித்தார். 1935இல் யபுதா அப்பொருளுக்கு 'ஜிபரலின்' என்று பெயரிட்டார். பின்னர், எல்லாப் பயிர்களும் தம் வளர்ச்சிக்காக இப்பொருளைத் தாமே அளவோடு சுரக்கின்றன என்பது தெரியவந்தது. தண்டின் கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை நீளச் செய்யும் ஊக்கி இதுவே.

எனவே, பயிர் குட்டையாவதற்கு இரண்டு வழிகள் உண்டு எனலாம். ஒன்று, ஊக்கி சுரப்பது குறைதல்; மற்றொன்று, ஊக்கி சுரந்தும் பயிர் அதற்குச் செவிசாய்க்காமை. நெல் முதல் வழியில் குட்டையாயிற்று; கோதுமை இரண்டாம் வழியில் குட்டையாயிற்று. ஐ.ஆர். 8 பயிருக்கு ஜிபரலினைத் தெளித்தால் அது நெட்டையாக வளரும். நோரின் 10 வழிவந்த கோதுமையோ அதே தெளிப்பைப் பொருட்படுத்தாது. நெல்லில் சொல்பவர் குரல் தாழ்ந்தது. கோதுமையில் கேட்பவர் செவி அடைந்தது.

இடைக்குறையும் முதற்குறையும்

சொல்லில் எழுத்துக் குறைவதை முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என நம் இலக்கணம் மூன்றாகப் பகுக்கும். மரபணு என்பதும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு தொடர்தான். அங்கும் இக்குறைகள் நேர்வதுண்டு.

நெல்லின் மரபு ஏடு ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்டது. அதன் 12 குரோமோசோம்களுள் முதலாவதில், ஜிபரலினை உருவாக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு உள்ளது. டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் அம்மரபணுவின் இடையே 383 எழுத்துகள் விடுபட்டுள்ளன என 2002ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டனர். இடைக்குறையால் தொடரின் ஒழுங்கு சிதைந்து, அதன் பொருள் பாதியிலேயே முறிந்துவிடுகிறது, நொதி உருவாவதில்லை, தண்டில் ஊக்கி குறைகிறது. ஆயின் கதிர் ஏன் குறையவில்லை? இதே பணியைச் செய்யும் வேறொரு மரபணுவும் நெல்லில் உண்டு, அது பூவுறுப்புகளில் சிறப்பாக இயங்குவது, அது சிதையவில்லை. ஆதலின் தாள் குறுகியது. மணி பிடிப்பது குன்றவில்லை. குட்டைத்தன்மை தரும் மரபணுக்கள் பல உள்ளன; அவற்றுள் பல கதிரையும் சேர்த்துக் குறுக்கிவிடுபவை. தாளை மட்டும் குறைத்துக் கதிரைக் காத்ததே இதன் தனிச்சிறப்பாகும்.

கோதுமையில் நேர்ந்தது முதற்குறை. பயிரின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதற்கு 'டெல்லா' என்று பெயர். ஜிபரலின் வரும்போது அத்தடைப்புரதம் அடையாளம் காணப்பட்டு அழிக்கப்படும். தடை நீங்கியதும் தண்டு வளரும். குட்டைக் கோதுமையில் இப்புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறி, தொடக்கத்திலேயே ஒரு முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. அதற்கப்பால் மீண்டும் படிப்புத் தொடங்குவதால், தலைப்பகுதி இல்லாத புரதம் உருவாகிறது. ஊக்கி வந்து அடையாளம் காண்பது அத்தலைப்பகுதியைக் கொண்டே. அது இல்லாமையால் தடை அழிவதில்லை. பயிர் குட்டையாகவே நிற்கிறது. இவ்வுண்மை 1999இல் வெளியாயிற்று. குட்டைப் பட்டாணியின் மரபணுவும் அதற்கு ஈராண்டு முன்னர், 1997இல், கண்டறியப்பட்டது. அதுவும் ஜிபரலினை ஆக்கும் ஒரு நொதிக்கே உரியது. மெண்டலின் தோட்டமும் லாஸ் பானோஸ் வயலும் பேசியது ஒரே செய்தியே என்பது அப்போது புலனாயிற்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எல்லா உயர வேற்றுமையும் ஒரே மரபணுவால் வருவதன்று. மக்களின் உயரம் போலவே பயிரின் உயரமும் பெரும்பாலும் பல மரபணுக்களின் சிறுசிறு பங்களிப்பாலும் மண், நீர், வெயில் ஆகியவற்றாலும் அமைவது. ஒவ்வொன்றும் மெண்டல் விதிப்படியே நடந்தாலும், பல சேரும்போது நெட்டை, குட்டை என்னும் பிரிவு மறைந்து படிப்படியான வரிசை தோன்றும் என்பதை 1918இல் ஃபிஷர் கணக்கிட்டுக் காட்டினார். சோளத்தின் உயரத்தை நான்கு பெரிய மரபணுக்கள் ஆள்கின்றன என்பது 1954இல் அறியப்பட்டது. இவ்வாறான பல கைகளுக்கிடையே ஒரே ஒரு கை பெரிதாக ஓங்கி நின்றதே நெல்லுக்கும் கோதுமைக்கும் வாய்த்த நற்பேறு.

பெற்றதும் இழந்ததும்

ஒரே மரபணுவைப் பல நாடுகளின் நெல்வகைகளில் புகுத்தியதால் நாம் பெற்றது பெரிது. கப்பலில் வரும் கோதுமையை எதிர்நோக்கியிருந்த நாடு தன் காலில் நின்றது. ஆயினும் இழப்பையும் கணக்கில் எழுதுவதே நேர்மை. நுனிக்குப் பங்கு கூடியபோது நடுவுக்குப் பங்கு குறைந்தது. மாட்டின் வைக்கோல் குறைந்தது. உரமும் நீரும் வாங்கி இடக்கூடியவர்க்கே முழுப்பயன் கிட்டியது. ஐ.ஆர். 8 அரிசி வெள்ளை விழுந்து, ஆறினால் விறைக்கும் சோறாயிற்று; பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் ஆட்பட்டது. பின்வந்த வகைகளில் இக்குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. சோற்றின் சுவையை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு வெள்ளைப் பொன்னியே சான்று. உயரமானது, எளிதில் சாய்வது. ஆயினும் தமிழகம் அதனைக் கைவிடவில்லை.

கோதுமையில் வேறொரு குறை வெளிப்பட்டது. நோரின் வழிக் குட்டை மரபணு, முளையைப் போர்த்தி மண்ணைத் துளைத்து வரும் உறையையும் குறுக்கிவிடுகிறது. ஈரம் ஆழத்தில் இருக்கும் வறண்ட நிலத்தில் ஆழமாக விதைத்தால் முளை மேலே வர இயலாது. ஆதலின் முளையுறையைக் குறைக்காமல் தாளை மட்டும் குறைக்கும் வேறு மரபணுக்களை அறிஞர்கள் நாடுகின்றனர். மேலும், தடைப்புரதம் மிகுந்த குட்டைப் பயிர் மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சுவதில் பின்தங்குகிறது என்றும், வேறொரு மரபணுவைக் கொண்டு இதனை ஈடுசெய்யலாம் என்றும் 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. உரம் மிகுதியாக வேண்டும் என்னும் குறையைக் குட்டைத்தன்மையிலிருந்து பிரித்துவிட முடியும் என்னும் நம்பிக்கையை இது தருகிறது.

நீர் உயரும்போது

குறில் எங்கும் நன்று, நெடில் எங்கும் தீது என எண்ணுவார்க்கு வெள்ளம் விடைசொல்கிறது. வங்கதேசத்தின் ஆழநீர் நெல் வெள்ளம் ஏற ஏறத் தானும் ஏறும். ஒரே நாளில் 20 செண்டிமீட்டருக்கு மேல் நீளவல்லது. 2018இல் ஜப்பானிய அறிஞர் குழு இதனை ஆராய்ந்தபோது வியப்பானதோர் உண்மை வெளிப்பட்டது. வெள்ளத்தில் அப்பயிரை நீளச் செய்வதும், ஐ.ஆர். 8 நெல்லில் சிதைந்திருப்பதும் ஒரே மரபணு! ஆழநீர் நெல்லில் அது முழுமையாகவும் மிகுந்த வலிமையோடும் இயங்குகிறது. ஓரிடத்தில் எந்த மரபணு குன்றியதால் பசி தீர்ந்ததோ, அதே மரபணு ஓங்கியதால் மற்றோரிடத்தில் பயிர் உயிர்பிழைக்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு. ஒடிசாவின் பழைய நெல்வகை ஒன்று வெள்ளத்தில் மூழ்கினால் நீளாமல், மூச்சடக்கியதுபோல் வளர்ச்சியை நிறுத்தி, தன் சேமிப்பைக் காத்து, ஏறத்தாழ இரு வாரம் பொறுத்து, நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கும். இதற்குக் காரணமான மரபணு 2006இல் அறியப்பட்டது. அது 'சுவர்ணா' நெல்லில் சேர்க்கப்பட்டு 2009இல் இந்திய உழவரை அடைந்தது. நம் காவிரிப் படுகையில் பயிராகும் 'சி.ஆர். 1009 சப்-1' என்பதும் இவ்வழி வந்ததே. ஆழநீர் தேங்கும் நிலத்துக்கென 'மடுமுழுங்கி' போன்ற நெல்வகைகளைத் தேர்ந்து வைத்திருந்த நம் முன்னோர், மரபணுவின் பெயர் அறியாவிடினும் அதன் பயன் அறிந்தோர் ஆவர்.

முடிவுரை

டீ-ஜியோ-வூ-ஜென், தருமா, ஒடிசாவின் வெள்ள நெல் ஆகிய மூன்றுமே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. பெயர் தெரியாத உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்து வைத்தவை. அறிஞர்கள் அவற்றைக் கண்டெடுத்து, பொருள் உணர்ந்து, தக்க இடத்தில் பொருத்தினர். ஒரு பழைய நெல்வகை ஒற்றைப் படி மட்டுமே எஞ்சிய ஓலைச்சுவடிக்கு ஒப்பானது. கரையான் அரித்தபின் அதில் என்ன எழுதியிருந்தது என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஏடு தேடி ஊரூராக அலைந்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கி 1,30,000க்கும் மேற்பட்ட நெல் விதைத் தொகுதிகளைக் காத்துவருகிறது. எனினும், வங்கியில் விதை இருந்தால் மட்டும் போதாது. எந்த நெல் எந்த மண்ணில், எவ்வளவு நீரில், எத்தனை நாளில் விளைந்தது, அதன் தாள் எவ்வளவு உயர்ந்தது, சோறு எதற்கு உகந்தது என்னும் அறிவு ஊரிலுள்ள முதியோரின் நினைவில்தான் இருக்கிறது.

ஆகவே, சிற்றூர்களிலிருந்து பயில வரும் நம் மாணவர்கள், விடுமுறையில் ஊர் செல்லும்போது தம் வீட்டு முதியோரிடமும் பக்கத்து வயல் உழவரிடமும் அமர்ந்து, அவர்கள் பயிரிட்ட பழைய நெல்வகைகளின் பெயர்களையும் இயல்புகளையும் கேட்டு எழுதிவருதல் வேண்டும். சொல்லைத் திரட்டுவது தமிழ்த்துறையின் பணி. அச்சொல் சுட்டும் விதையை ஆராய்வது அறிவியல் துறையின் பணி. வருங்காலத்தில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் எந்த எழுத்து தேவைப்படும் என்பதை இன்று அறுதியிட்டுக் கூற இயலாது. குறிலும் நெடிலுமாக எல்லா எழுத்துகளையும் காத்து வைத்திருப்பதே நம் கடமையாகும்.